மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம்: பள்ளியில் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் இரண்டு பட்டியல்கள் தயாராகும். ஒன்று, மீத்திறன் மிக்க மாணவர்கள். மற்றொன்று, மெல்லக் கற்கும் மாணவர்கள். சில பள்ளிகளில் இப்போது 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று எழுதுகிறார்கள். பெயர் மென்மையாகிவிட்டது, பட்டியல் அதேதான். முதல் பட்டியலில் இருப்பவர்களுக்குத் திறனாய்வுத் தேர்வுப் பயிற்சி, விநாடி வினா, அறிவியல் கண்காட்சி. இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு, மீண்டும் மீண்டும் எழுத்துப் பயிற்சி.

இந்த இரண்டு பட்டியலிலும் இருக்க வேண்டிய பிள்ளைகள் சிலர் உண்டு. வழக்கமாக அவர்கள் இரண்டாவதில் மட்டும் இருப்பார்கள், அல்லது எதிலுமே இருக்க மாட்டார்கள். பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் அவர்களைப் பற்றி வரும் வாக்கியம் ஒன்றுதான்: "வாயில கேட்டா எல்லாம் சொல்றான் சார், பேப்பர்ல ஒண்ணுமே இல்ல. சோம்பேறித்தனம்தான்." உங்கள் பிள்ளையைப் பற்றி இந்த வாக்கியத்தை இரண்டு வெவ்வேறு ஆசிரியர்கள் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

சராசரிக்கு மேலான அறிவுத்திறனும், படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிடுவதிலோ உண்மையான ஒரு குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம். ஆங்கிலத்தில் இவர்களை 'ட்வைஸ் எக்ஸெப்ஷனல்' என்பார்கள். அதாவது இரு வகையில் தனித்தவர்கள். கேட்க விநோதமாக இருக்கும். "புத்திசாலின்னா எப்படிங்க படிக்க வராம போகும்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அச்சிட்ட எழுத்தை ஒலியாக மாற்றும் வேலையும், மாற்றியதைப் புரிந்து யோசிக்கும் வேலையும் வேறு வேறு. முதல் வேலை தடுமாறும்போது இரண்டாவது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஐன்ஸ்டைனுக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அவரை விட்டுவிடலாம், ஏனென்றால் தாங்களே வெளிப்படையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜாக் துபோஷே டிஸ்லெக்சியா உள்ளவர். 2009-ல் மருத்துவ நோபல் பெற்ற அமெரிக்கர் கரோல் கிரெய்டரும் அப்படித்தான். கிரெய்டர் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைவாக இருந்ததால் பல பல்கலைக்கழகங்கள் அவரை எடுக்கவில்லை. எடுத்துக்கொண்ட பெர்க்லியில்தான், நோபல் பரிசு வாங்கித் தந்த டெலோமரேஸ் கண்டுபிடிப்பை அவர் 1984-ல் செய்தார். எல்லாப் பிள்ளைக்கும் நோபல் வரப்போவதில்லை. ஒரே ஒரு வகைத் தேர்வு மட்டும் வாசலில் நின்றால் யாரெல்லாம் வெளியே நின்றுவிடுவார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

திறமையும் குறைபாடும் ஒன்றையொன்று மறைக்கும். மூன்று விதமாக இது நடக்கிறது.

முதல் விதத்தில் திறமை குறைபாட்டை மறைக்கும். பிள்ளை பாடத்தை ஒருமுறை காதில் கேட்டே மனப்பாடம் செய்துவிடும். 3-ஆம் வகுப்பு வரை படிப்பது போலவே தெரியும். உண்மையில் படத்தைப் பார்த்தும் பக்கத்துப் பிள்ளை படிப்பதைக் கேட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். 5, 6-ஆம் வகுப்பில் பாடம் நீளமானதும் திடீரென்று மதிப்பெண் சரியும். "நல்லாத்தானே படிச்சிட்டிருந்தா, போன் பார்த்துக் கெட்டுப்போயிட்டா" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டாவதில் குறைபாடு திறமையை மறைக்கும். எழுத்துப் பிழையும் கோணல் கையெழுத்தும் முதலிலேயே கண்ணில் படுவதால், அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகளின் கூர்மையை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது விதம்தான் மிகவும் சிக்கல்: இரண்டும் சமமாக மறைத்துக்கொண்டு பிள்ளை 55, 60 மதிப்பெண்ணில் 'சராசரி' என்று உட்கார்ந்திருக்கும். யாருக்கும் கவலை இல்லை. ஆனால் அந்த 55-ஐ எடுக்க அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் உழைத்திருக்கும். இரவில் வீட்டுப்பாடம் எழுதும்போது வரும் அழுகை, காலையில் வரும் வயிற்றுவலி, பரீட்சை நாளில் காய்ச்சல் இவற்றையெல்லாம் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் படிக்கும் பிள்ளையிடம் எதைக் கவனிப்பது?

இணையத்தில் தேடினால் ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதுவதுதான் அறிகுறி என்று வரும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையிடம் தடுமாற்றம் வேறு இடங்களில் தெரியும்.

கொம்பு, கால் சேர்ந்த எழுத்துகளைப் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் 'க'. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' ஒலியை. பெரும்பாலான பிள்ளைகள் இதை 2-ஆம் வகுப்புக்குள் தாண்டிவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை 6-ஆம் வகுப்பிலும் 'கெ, கே, கொ, கோ' இடையே தடுமாறும். புள்ளி விட்டுப்போகும், 'பட்டம்' 'படடம' ஆகும். குறிலும் நெடிலும் மாறும். ர - ற, ன - ண - ந, ல - ள - ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வரும், பெரியவர்களுக்கே வரும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதினால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, சொல்லின் நீளம். நாம் வீட்டில் "படிச்சிட்டிருந்தாங்க" என்கிறோம். புத்தகத்தில் 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்று இருக்கும். கதையைக் கேட்டால் முழுதும் புரிந்துகொள்ளும் பிள்ளை, இந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகித்து 'படித்தார்கள்' என்று சொல்லிவிட்டு நகரும். புத்திசாலிப் பிள்ளை நன்றாக ஊகிக்கும் என்பதால் இது ஆசிரியர் காதில் விழாமலே போகும். அதனால் அர்த்தமில்லாத, புதிதாக உருவாக்கிய இரண்டு மூன்று சொற்களை எழுதிக் காட்டி ('மடூலி', 'தெரவகோ' என்று எதையாவது) படிக்கச் சொல்லுங்கள். அங்கே ஊகம் உதவாது. உண்மை நிலை தெரியும்.

எழுதுவதில் மட்டும் சிக்கல் என்றால் டிஸ்கிராஃபியா, எண்களில் என்றால் டிஸ்கால்குலியா. கணக்கில் யோசனை சரியாக இருந்து, 36-ஐ 63 என்று எழுதி விடை தப்பாகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இரண்டு வாரம், ஒரு போன், ஒரு ஃபோல்டர்

ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வி எடுங்கள், உதாரணமாக 'நீர் சுழற்சியை விளக்குக'. பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லி போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் அதே கேள்விக்கு எழுதச் சொல்லிப் புகைப்படம் எடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் நான்கு நிமிடம் கடல், சூரியன், மேகம், மலை, நிலத்தடி நீர் என்று விளக்கிய பிள்ளை, தாளில் 'கடல் நீர் ஆவி ஆகும். மழை பெயும்' என்று இருபது நிமிடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் ஆதாரம். அறிவியல், சமூக அறிவியல், கணக்கு என்று நான்கைந்து முறை இப்படிச் செய்து தேதியுடன் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பிள்ளை தானாகச் செய்த ஏதாவது (பழுது பார்த்த டார்ச் லைட், வரைந்த படம், கட்டிய பொம்மை வீடு, சதுரங்க ஆட்டம்) அதன் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

"என் பையன் புத்திசாலி" என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஃபோல்டர் வேலை செய்யும். ஆசிரியருக்கும் இது மரியாதை. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் நான்கு நிமிடம் வாய்மொழியாகக் கேட்க அவருக்கு எங்கே நேரம்?

ஒரு வேண்டுகோள்: இதில் எதையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மருத்துவ அறிக்கை, சான்றிதழ் எதுவும் அங்கே போகக் கூடாது. ஆசிரியருக்கு நேரில் காட்டுங்கள்.

பரிசோதனை எங்கே, எப்படி?

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் முதல் வாசல் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடங்கிய கல்விப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மருத்துவ முகாம்களும் நடக்கும். பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு (ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் கீழ் வருபவர்கள்) 18 வயது வரை பார்க்க வேண்டிய 30 வகைப் பாதிப்புகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அவர்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது குழந்தைகள் நலப் பிரிவுக்கு நேரடியாகப் போகலாம். சென்னை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு. முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டுத்தான் அடுத்தது.

'மனநலப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். உளவியலாளர் அங்கேதான் இருப்பார், காரணம் அவ்வளவுதான்.

பரிசோதனையில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, அறிவுத்திறன் அளவீடு. மற்றொன்று, படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கான சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய தொகுப்பைப் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். அறிக்கை கையில் வந்ததும் எல்லோரும் தேடுவது ஐ.க்யூ. என்ற ஒற்றை எண்ணை. நம் பிள்ளைகள் விஷயத்தில் அந்த எண் ஏமாற்றும். அளவீட்டுக்குள் பல உட்பிரிவுகள் இருக்கும்: ஒற்றுமைகளைக் கண்டுபிடித்தல், கட்டைகளை அடுக்கி வடிவம் அமைத்தல், எண்களை நினைவில் வைத்தல், குறியீடுகளை வேகமாக நகலெடுத்தல். முதல் இரண்டில் மிக உயரமாகவும் கடைசி இரண்டில் மிகத் தாழ்வாகவும் இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது 'சராசரி அறிவுத்திறன்' என்று வந்து நிற்கும். மேட்டையும் பள்ளத்தையும் சமன் செய்து 'சமதளம்' என்று எழுதுவது போல. அதனால், "உட்பிரிவு மதிப்பெண்களையும் அறிக்கையில் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குங்கள். பள்ளியில் பேச அதுதான் உதவும்.

'மூன்று மாதத்தில் டிஸ்லெக்சியா குணம்' என்று விளம்பரம் வந்தால் தள்ளிவிடுங்கள். இது மாத்திரையில் போகும் நோய் கிடையாது. எழுத்தையும் ஒலியையும் முறையாக, படிப்படியாக இணைத்துச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்சிதான் வழி, அது ஆண்டுக்கணக்கில் போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், 'மிட் பிரெய்ன்' திறக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களும் இதே பெற்றோரைத்தான் குறிவைக்கிறார்கள். அதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் சேர்க்கப்பட்டது. பிரிவு 16-இன்படி, அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து, கற்பிக்கும் முறையில் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். பிரிவு 17, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி வசதி இல்லீங்க, வேற ஸ்கூல் பாருங்க" என்பது சட்டப்படி பதில் ஆகாது.

மீத்திறனுக்கு இப்படி ஒரு சட்டப் பிரிவோ சான்றோ கிடையாது. குறைபாட்டுக்குத் தாள் இருக்கிறது, திறமைக்குத் தாள் இல்லை. அதனால்தான் மேலே சொன்ன ஃபோல்டரும் உட்பிரிவு மதிப்பெண்ணும் முக்கியமாகின்றன.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் (யு.டி.ஐ.டி.) 'ஸ்வாவ்லம்பன் கார்டு' இணையதளம் வழியாகத்தான். போனிலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். குறைபாட்டு வகையில் 'ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஸெபிலிட்டீஸ்' என்பதையும் உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனையையும் தேர்ந்தெடுங்கள். வரும் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிலை அறிய அதுதான் வேண்டும். பெயர், பிறந்த தேதி எழுத்து மாறாமல் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், பாதித் தாமதம் இதில்தான். தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். சான்று வழங்க 2018-ல் வந்த வழிகாட்டு நெறிமுறை 8 வயது, 14 வயது, 18 வயது என்று கட்டங்களை வகுத்தது. 2024-ல் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. உங்கள் சான்றில் எந்தத் தேதி வரை என்று அச்சாகியிருக்கிறதோ அதைப் போன் காலண்டரில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமே என்ற தயக்கம் எல்லாப் பெற்றோருக்கும் வரும், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால். முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்: 'சோம்பேறி', 'கவனமில்லை', 'மக்கு'. பிள்ளை தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான். அதைவிடச் சரியான பெயர் எவ்வளவோ மேல். அட்டையை யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டாமல் இருப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

பள்ளியிடம் கேட்பது எப்படி?

சண்டைக்குப் போவது போல் போக வேண்டாம். வாயால் மட்டும் கேட்டுவிட்டும் வர வேண்டாம். வகுப்பாசிரியர் மாறுவார், தலைமையாசிரியர் மாறுவார், எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும். மாதிரிக்கு ஒரு கடிதம்:

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்
மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
வணக்கம். தங்கள் பள்ளியில் 6-ஆம் வகுப்பு 'அ' பிரிவில் பயிலும் என் மகளுக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா) இருப்பதாக அரசு மருத்துவமனை அறிக்கை அளித்துள்ளது. அதே அறிக்கையில் அவளது காரணமறியும் திறன் வயதுக்கு மேல் இருப்பதும் பதிவாகியுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி கீழ்க்காணும் உதவிகளை வகுப்பில் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்: வினாத்தாளை வாசித்துக் காட்டுதல், மொழிப்பாடம் தவிர்த்த பாடங்களில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருத்தல், வகுப்புத் தேர்வில் ஒரு பகுதியை வாய்மொழியாகக் கேட்டல், முன்னறிவிப்பின்றி வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லாதிருத்தல். அறிவியல், கணிதத்தில் அவளது திறனுக்கேற்ற வாய்ப்புகளையும் அளிக்க வேண்டுகிறேன். தங்களையும் வகுப்பாசிரியரையும் நேரில் சந்திக்க ஒரு நாள் தெரிவிக்கவும். இணைப்பு: மருத்துவ அறிக்கை நகல்.
இப்படிக்கு, (பெற்றோர் கையொப்பம், கைபேசி எண், தேதி)

இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி, அந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். பள்ளி அளவில் நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகம்.

கடிதத்தில் 'வாய்ப்புகளையும்' என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். உதவி என்று ஒத்துக்கொள்ளும் பள்ளிகள்கூடப் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், விளையாட்டு, ஓவிய வகுப்பு நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு எழுத்துப் பயிற்சி கொடுப்பது. அந்தப் பிள்ளைக்குத் தான் யார் என்று தெரியும் ஒரே நேரம் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு எழுத்து சொல்லித்தந்தால் எழுத்தும் வராது, பள்ளிக்கு வர மனமும் வராது. சிறப்புப் பயிற்சிக்கு வேறு நேரம் கேளுங்கள். கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்கு 20 கணக்குக்குப் பதில் கடைசி 5 கடினமான கணக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். பல ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

திறமைக்கு என்று கேட்கக்கூடியவை நம் பள்ளிகளிலேயே இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, கையால் செய்து பார்க்கும் வானவில் மன்றம், 2022 நவம்பரிலிருந்து நடக்கிறது. கலைத் திருவிழா இருக்கிறது. புதிய யோசனைக்கு 10,000 ரூபாய் தரும் 'இன்ஸ்பையர் மானக்' விருதுக்குப் பள்ளிதான் பெயர் அனுப்ப வேண்டும். பிள்ளை யோசனையைச் சொல்ல, நீங்கள் எழுதிக் கொடுங்கள். 8-ஆம் வகுப்பில் வரும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வையும் (என்.எம்.எம்.எஸ்.) விட வேண்டாம். 90 வினாக்கள் மனத்திறனுக்கு, 90 பாடத்துக்கு, எல்லாம் வட்டத்தை நிரப்புவதுதான். எழுத்துப் பிழைக்கு அங்கே வேலையே இல்லை. மனத்திறன் பகுதியில் வரும் வடிவம், வரிசை, தொடர்பு வினாக்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்டம். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் உள்ள அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது. மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு இந்த விண்ணப்பப் படிவம் பல நேரம் கொடுக்கப்படுவதே இல்லை. நீங்களே போய்க் கேளுங்கள்.

போன் எப்படி உதவும்?

பாடநூலில் உள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ வரும். 'மணற்கேணி' செயலியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பாடங்கள் காணொளியாக, தமிழிலேயே, இலவசமாக இருக்கின்றன. வகுப்பில் பாடம் நடத்துவதற்கு முந்தின நாளே பார்த்துவிட்டால், பிள்ளை வகுப்பில் கை தூக்கும்.

கூகுள் லென்ஸில் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் 'கேள்' என்பதை அழுத்தினால் வாசித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'அணுகல்தன்மை' பகுதியில் 'பேசுவதற்குத் தேர்ந்தெடு' என்ற வசதியும் உண்டு. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்தினால், பேசுவது எழுத்தாகும். கட்டுரை எழுத வேண்டுமா? முதலில் பேசி எழுத்தாக்கட்டும், அதைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். யோசிப்பது, எழுத்துக்கூட்டுவது என்ற இரண்டு பாரத்தையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியதில்லை. "இது காப்பி அடிக்கிற மாதிரி இல்லையா?" என்று தாத்தா கேட்கலாம். தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைக் காட்டுங்கள்.

பொதுத்தேர்வுக்கு முன்

9-ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றுடன் விண்ணப்பம் போக வேண்டும், கடைசித் தேதி உண்டு. சி.பி.எஸ்.இ. என்றால் மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எல்லாச் சலுகையையும் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மொழி விலக்கை மட்டும் நன்றாக யோசித்துக் கேளுங்கள். தமிழை விட்டுவிட்டால், பின்னாளில் அரசுப் பணித் தேர்வு எழுதும்போது தமிழ்த் தகுதித் தாள் எதிரில் வந்து நிற்கும்.

சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்றால், சொல்லிச் சொல்லி எழுத வைப்பதும் ஒரு பயிற்சிதான். "அடுத்த வரி", "புள்ளி", "இந்தப் படத்தில் இங்கே அம்புக்குறி" என்று சொல்லப் பழக வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அந்த ஏற்பாட்டுடன் எழுத அனுமதி கேளுங்கள்.

2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குச் சட்டப்படி உரிய கூடுதல் ஒரு மணி நேரம் தேர்வறையில் கொடுக்கப்படவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவரது விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 நவம்பர் 23 அன்று வந்த தீர்ப்பு, அவருக்கு நடந்த அநீதியைச் சரிசெய்யும் வழியைப் பரிசீலிக்கத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை. போன ஒரு மணி நேரம் போனதுதான். எனவே சலுகை ஆணை வந்ததும் அதில் தேர்வு மையத்தின் பெயர் சரியா என்று பாருங்கள். மூன்று நகல் எடுங்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே பள்ளி வழியாக முதன்மைக் கண்காணிப்பாளரிடம் ஒரு நகல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு நகல் தினமும் ஹால் டிக்கெட்டோடு பிள்ளை கையில் இருக்கட்டும். "எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலா இருக்கு சார், ஆர்டர் இதோ" என்று அறைக் கண்காணிப்பாளரிடம் எழுந்து நின்று சொல்ல வீட்டில் நான்கு முறை பழக்குங்கள்.